ஏலமலை ஜீப்புகளும் சேசிஸ் துருவும்

போடிநாயக்கனூர் தேனி மாவட்டத்தில், மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் அமைந்த ஏலக்காய் வணிக நகரம். இங்கிருந்து போடிமெட்டு வழியாக இடுக்கி மாவட்டத்தின் ஏலமலைத் தோட்டங்களுக்கு ஆட்களையும் சரக்கையும் கொண்டுசெல்லும் முதன்மையான ஊர்திகளில் ஒன்றாக ஜீப் இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நிலைபெற்றது. என்ஜின், கியர் பெட்டி, பாடி என ஒவ்வொன்றாக மாற்றி இந்த வண்டிகள் பல பத்தாண்டுகள் ஓட்டப்பட்டன. எளிதில் மாற்ற முடியாத பகுதி சேசிஸ் எனப்படும் அடிச்சட்டம். பழைய ஜீப்பின் ஆயுளை முடிவுசெய்தது பெரும்பாலும் அதில் பிடித்த துருதான்.

ஜீப்புக்கு முன்

மலைச் சரக்கு முதலில் தலைச்சுமையாகவும் பொதிவிலங்குகளின் மேலும் இறங்கியது. மூணாறு பகுதித் தேயிலைக்காக 1902-இல் குண்டளைப் பள்ளத்தாக்கில் ஒற்றைத் தண்டவாள இரயில் அமைக்கப்பட்டது. அது 1908-இல் குறுகிய இருப்புப்பாதையாக மாற்றப்பட்டது. டாப் ஸ்டேஷனிலிருந்து கம்பிவடம் வழியாகக் கொட்டகுடிக்கு இறங்கிய தேயிலைப் பெட்டிகள், அங்கிருந்து மாட்டுவண்டியில் போடிக்கு வந்தன. 1924-ஆம் ஆண்டுப் பெருவெள்ளம் அந்த இரயில்பாதையை அழித்தது. 1928-இல் மதுரை–போடி மீட்டர்கேஜ் பாதை திறக்கப்பட்டது. அடிவாரம் வரை இரயில் வந்த பின்னும் தோட்டத்திற்குள் செல்லும் செங்குத்தான மண்பாதைகளுக்கு ஏற்ற ஊர்தி அமையவில்லை.

ஜீப்பின் வருகை

இரண்டாம் உலகப்போருக்காக அமெரிக்காவில் உருவான நான்கு சக்கர இயக்க வண்டி ஜீப். போர் முடிந்ததும் ராணுவம் கழித்த ஜீப்புகள் இந்தியாவில் விற்பனைக்கு வந்தன. 1945-இல் தொடங்கப்பட்டு, 1948-இல் மகிந்திரா & மகிந்திரா எனப் பெயர் மாறிய நிறுவனம், வில்லிஸ் ஜீப்பின் உதிரிப்பாகங்களை வரவழைத்து மும்பையில் பூட்டத் தொடங்கியது. அமெரிக்காவில் 1968-இல் உற்பத்தி நின்ற சிஜே-3பி என்ற மாதிரியின் வடிவம் இந்தியாவில் அதன்பின்னும் பல பத்தாண்டுகள் தொடர்ந்தது. பின்னர் டீசல் என்ஜினும், ‘கமாண்டர்’ போன்ற நீண்ட பாடி வண்டிகளும் வந்தன. உரமூட்டை, விறகு, பச்சை ஏலக்காய், தொழிலாளர் என எதையும் ஏற்ற முடிந்ததால் தோட்டங்களில் ஜீப்பே பிக்கப் வண்டியாகவும் பயன்பட்டது.

சேசிஸின் அமைப்பு

ஜீப்பின் சேசிஸ் ஏணி வடிவிலானது. இரண்டு நீளச் சட்டங்களைக் குறுக்குச் சட்டங்கள் இணைக்கின்றன. என்ஜின், பட்டை ஸ்பிரிங்குகள், ஸ்டியரிங் பெட்டி, பாடி ஆகிய அனைத்தும் இதன்மேல் நிற்கின்றன. நீளச் சட்டம் பொதுவாக ‘சி’ வடிவத் தகடு. அதிகப் பளு தாங்கும் இடங்களில் மறுபக்கமும் தகடு வைத்து மூடப்பட்டிருக்கும். மூடிய இந்த உட்பகுதியில்தான் ஈரமும் சேறும் தங்குகின்றன.

துருவின் காரணங்கள்

ஏலக்காய் நிழலும் ஈரமும் விரும்பும் பயிர். தென்மேற்கு, வடகிழக்குப் பருவமழைகள் இரண்டும் பெறும் இம்மலையில் சட்டத்தில் ஒட்டிய சேறு நெடுநாள் காய்வதில்லை. இதோடு தோட்டச் சரக்கும் துருவை வளர்க்கிறது. பொட்டாஷ் உரத்தில் உள்ள குளோரைடு உப்பு ஈரத்தை ஈர்த்து அரிப்பை விரைவுபடுத்தும். அழுகல் நோய்க்குத் தெளிக்கப்படும் போர்டோ கலவை மயில்துத்தமும் சுண்ணாம்பும் சேர்ந்தது. மயில்துத்தக் கரைசல் சிந்தினால் இரும்பை நேரடியாக அரிக்கும். துரு இரும்பைவிடப் பல மடங்கு இடம் அடைப்பதால், இரண்டு தகடுகளுக்கு இடையே உண்டானால் அவற்றைப் பிளந்து தள்ளிவிடும்.

சோதனையும் பழுதுநீக்கமும்

சேற்றைக் கழுவிய பின் சிறு சுத்தியலால் சட்டம் முழுவதும் தட்டிப் பார்ப்பது பழைய முறை. நல்ல இரும்பு கணீரென ஒலிக்கும். அரித்த இடம் மந்தமாக ஒலிக்கும். பின் ஸ்பிரிங் ஷேக்கிள், பாடி போல்ட்டுகளின் அடிப்பகுதி, குறுக்குச் சட்ட இணைப்புகள், ஸ்டியரிங் பெட்டி பொருத்திய இடம் ஆகியவை முதலில் பார்க்க வேண்டியவை. ஸ்டியரிங் பெட்டி இருக்கும் சட்டம் கிழிந்தால் ஓட்டுநர் திருப்பினாலும் சக்கரம் சரியாகத் திரும்பாது. கொண்டை ஊசி வளைவுகள் நிறைந்த போடிமெட்டுச் சாலையில் இதன் விளைவு உயிரிழப்பாக முடியலாம்.

மேல்துருவாக இருந்தால் கம்பித்தூரிகையால் தேய்த்து ரெட் ஆக்சைடு பூசுவது போதும். ஓட்டை விழுந்திருந்தால் நல்ல இரும்பு தென்படும் வரை வெட்டியெடுத்து, அதே தடிமனுள்ள தகட்டைப் பற்றவைக்க வேண்டும். சட்டத்தின் குறுக்கே செங்குத்தாக இடும் வெல்டிங் கோடு எளிதில் விரிசல் விடும். அதனால் ஒட்டுத்தகட்டின் முனைகள் சாய்வாக வெட்டப்படுகின்றன. வேலைக்கு முன்னும் பின்னும் சட்டத்தின் மூலைவிட்டங்களை அளந்து ஒப்பிடாவிட்டால் வண்டி ஒரு பக்கம் இழுக்கும். நீர் வடியும் துளைகளை அடைக்கக் கூடாது.

துருவின்மேல் தார் பூசி மறைப்பது ஈரத்தை உள்ளே அடைத்துச் சேதத்தைப் பெருக்கும். பார்வைக்குச் சட்டம் நன்றாகத் தெரிவதால் அடுத்து வாங்குபவரும் ஏமாறுவார். இரும்பு அடுக்கடுக்காக உதிரும் நிலையில் ஒட்டு நிற்காது. அப்போது சேசிஸை மாற்றுவது அல்லது வண்டியைக் கழிப்பது என்ற இரண்டு வழிகளே உள்ளன.

சட்ட நிலை

வண்டியின் சேசிஸ் எண் அடிச்சட்டத்தில் பொறிக்கப்பட்டு, ஆர்.சி. புத்தகத்தில் பதிவாகிறது. ஆகவே சேசிஸை மாற்றுவது வண்டியின் அடையாளத்தையே மாற்றுவதாகும். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின்படி வண்டியின் அமைப்பை மாற்ற விதிமுறைகளும் பதிவு அதிகாரியின் ஒப்புதலும் தேவை. பழைய எண்ணை வெட்டி வேறு சட்டத்தில் ஒட்டுவது குற்றம். எண் பொறித்த இடமே துருவில் அழிந்தால், சரியான ஆவணம் உள்ள உரிமையாளரும் சிக்கலுக்கு உள்ளாகிறார். தனியார் வண்டியின் பதிவு 15 ஆண்டுகள் செல்லும். பின்னர் 5 ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். 2022 ஏப்ரலில் காருக்கும் ஜீப்புக்குமான புதுப்பிப்புக் கட்டணம் 600 ரூபாயிலிருந்து 5,000 ரூபாயாக உயர்ந்தது.

இன்றைய நிலை

புதிய பிக்கப் வண்டிகள் பெருகிய பின்னும் ஜீப் மலையிலிருந்து மறையவில்லை. தேனி மாவட்டத் தொழிலாளர்கள், குறிப்பாகப் பெண்கள், போடிமெட்டு, கம்பம்மெட்டு, குமுளி வழிகளில் தோட்ட வேலைக்கு ஜீப்பில் சென்று திரும்புகின்றனர். அளவுக்கு மீறிய ஆட்களுடன் சென்ற வண்டிகள் கவிழ்ந்த விபத்துகள் பலமுறை நிகழ்ந்துள்ளன. அரித்த சேசிஸ் முதலில் உடைவது இத்தகைய பளுவின் கீழ்தான். பழைய ஜீப்பைக் காப்பாற்றுவது உரிமையாளரின் செலவுக் கணக்காகத் தோன்றினாலும், அந்த இரும்பின் வலிமையை நம்பி ஏறுபவர்கள் அதன் அடிப்பகுதியை ஒருபோதும் பார்க்காத கூலித் தொழிலாளர்கள்.