கல்வெட்டிலிருந்து கால்வளையம் வரை: காவிரிப் படுகையில் ஒளிப்பட அளவுகளின் வரலாறு

சோழமண்டலக் கரை தெற்கே ஓடி வந்து மேற்காகத் திரும்பும் முனையில் அமைந்த கோடியக்கரை, காவிரிப் படுகையின் நெல்வயல்கள் முடிந்து உப்பளமும் சேற்றுவெளியும் தொடங்கும் இடமாகும். கருமுதுகு கொண்ட வெளிமான் கிடாவும் வெண்ணிறப் பூநாரையும் கண்கூசும் உப்புப் பாத்தியும் ஒரே காலைப்பொழுதில் எதிர்ப்படுவதால், புதிதாகக் கேமரா பழகுவோர்க்குக் கற்பிக்கப்படும் மூன்று அளவுகளும் இங்கே ஒருங்கே சோதனைக்கு உள்ளாகின்றன. அந்த மூன்றும் ஒரே காலத்தில் மனிதனுக்கு வசப்பட்டவை அல்ல. அவை எந்த அளவுக்கு வசப்பட்டன என்பதைப் பொறுத்தே, இப்படுகையில் எது படமாக முடிந்தது, எது முடியாமற்போனது என்பதும் அமைந்தது.

அம்மூன்றில் முதலாவது துளை. லென்ஸுக்குள் கண்மணி போல விரிந்தும் சுருங்கியும் ஒளியை அளந்து விடும் இதனை எஃப் எண்ணால் குறிப்பர், எண் சிறுத்தால் துளை பெருக்கும். இரண்டாவது, ஒளி எவ்வளவு நேரம் உள்ளே விழலாம் என்பதை முடிவுசெய்யும் ஷட்டர் வேகம். மூன்றாவது, ஒளியை ஏற்கும் பரப்பின் உணர்திறன், இன்று ஐ.எஸ்.ஓ. எனப்படும் இவ்வெண் இரட்டிப்பானால், தேவைப்படும் ஒளி பாதியாகும். தொடக்க காலத்தில் இம்மூன்றாம் அளவு மிகமிகக் குறைவாக இருந்ததே ஒளிப்படத்தின் எல்லைகள் அனைத்தையும் வகுத்தது.

சென்னை மாகாண அரசின் ஒளிப்படக்காரராக இருந்த லின்னேயஸ் டிரைப், 1858-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் தஞ்சைப் பெரிய கோயிலைப் படமெடுத்தபோது, விமானத்தின் அடித்தளத்தைச் சுற்றி ஓடும் கல்வெட்டு வரிகளை 21 படங்களாகப் பிடித்து, அவற்றை ஒட்டிச் சேர்த்து ஏறத்தாழ 19 அடி நீளமுள்ள ஒரே படச்சுருளாக ஆக்கினார். மெழுகூட்டிய தாளையே நெகடிவாகப் பயன்படுத்திய அம்முறையில், லென்ஸின் மூடியைக் கையால் கழற்றி, நேரத்தை எண்ணி, மீண்டும் மூடுவதே ஷட்டரின் வேலையாக இருந்ததோடு, நல்ல வெயிலிலும் ஒரு படத்துக்கு நிமிடக்கணக்கில் ஒளி தேவைப்பட்டது. கல் அசையாது என்பதாலேயே கல்வெட்டு அக்காலக் கேமராவுக்கு உகந்த பொருளாயிற்று. கோயில் வாசலைக் கடந்து சென்ற மனிதர் கூட அந்நெடுநேரத்தில் தடமின்றி மறைந்திருப்பர்.

அத்தாளுக்கு இன்னொரு குறையும் இருந்தது. நீல ஒளியை மிகுதியாகவும் பச்சை, சிவப்பு நிறங்களை மிகக் குறைவாகவும் அது ஏற்றதால், வானம் வெறும் வெள்ளையாக வெளிறியது, மரங்களின் பச்சை கருத்துப்போனது. டிரைப் தம் நெகடிவ்களின் மீது தூரிகையால் வண்ணம் தீட்டி, வானத்துக்கு மேகங்களையும் மரங்களுக்கு இலைச்செறிவையும் ஏற்படுத்தினார். இன்று ஓர் அளவைத் திருகித் திருத்தப்படுவது அன்று கைவேலையாலேயே ஈடுசெய்யப்பட்டது.

1871-இல் ஜெலட்டின் உலர்தகடு அறிமுகமான பின் கணக்கு நிமிடத்திலிருந்து நொடியின் பகுதிக்கு இறங்கியது. ஒளிமானி இல்லாதோரும் நினைவில் வைக்கத்தக்க வாய்பாடு ஒன்று பின்னர் பரவியது: உச்சிவெயிலில் துளையை எஃப்/16-இல் நிறுத்தி, உணர்திறன் எண் எதுவோ நொடியின் அந்தப் பகுதியையே ஷட்டர் வேகமாகக் கொள்ளவேண்டும். இதன்படி 1930-களின் நடுவில் வந்த கோடாகுரோம் வண்ணச் சுருளை, அதன் உணர்திறன் 10-ஐ ஒட்டியதாதலால், எஃப்/5.6 துளையிலும் நொடியின் 80-இல் ஒரு பங்குக்குமேல் விரைவாக இயக்க இயலாது. நிற்கும் நாரைக்கு அது போதும், பறக்கும் ஆலாவுக்குப் போதாது.

அன்றைய தஞ்சை மாவட்டத்தில் அடங்கியிருந்த கோடியக்கரை, வெளிமானைக் காப்பதற்கென 1967-இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. உதகமண்டலத்தில் அரசு நிறுவிய இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் ஆலை, ‘இந்து’ என்னும் பெயரில் உள்நாட்டுப் படச்சுருளைத் தயாரிக்கத் தொடங்கியதும் அதே ஆண்டில்தான். தமிழகக் காட்டுயிர் ஒளிப்படத்தின் முன்னோடியான மா. கிருஷ்ணன் (1912–1996), நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன், பல கேமராக்களின் உறுப்புகளைத் தாமே இணைத்து ‘சூப்பர் பாண்டரோசா’ என்று பெயரிட்ட கனத்த கருவியைக் காடுகளுக்குச் சுமந்து சென்று, கருப்பு வெள்ளையிலேயே படமெடுத்தார். சுருளில் ஒருமுறை உணர்திறன் முடிவாகிவிட்டால் அது தீரும்வரை மாற்ற வழியில்லாத அக்காலத்தில், எந்தச் சுருளை ஏற்றுவது என்பதைப் புறப்படும் முன்பே தீர்மானிக்க வேண்டியிருந்தது.

டிஜிட்டல் கேமரா அந்தக் கட்டைத் தளர்த்தியது. உணர்திறனை 400-க்கு உயர்த்தினால், மேற்சொன்ன வாய்பாட்டின்படியே, வெயிலில் எஃப்/5.6-இல் நொடியின் 3200-இல் ஒரு பங்கு கிட்டும். அதில் ஆலாவின் சிறகும் உறைந்து நிற்கும். ஆயினும் கருவிக்குள்ளிருக்கும் ஒளிமானி உலகம் முழுவதையும் நடுத்தரச் சாம்பல் நிறமாகவே கருதுகிறது. அதனால் உப்புக் குவியலும் பூநாரைக் கூட்டமும் சட்டகத்தை நிறைக்கும்போது அது ஒளியைக் குறைத்து வெண்மையை மங்கச் செய்யும். அங்கே ஒரு படி கூட்டவேண்டும். கிடாவின் கரிய முதுகு நிறைக்கும்போது தேவைக்கு மேல் ஒளியை விட்டுக் கருமையை வெளுக்கச் செய்யும். அங்கே சற்றுக் குறைக்கவேண்டும். நண்பகலில் சேற்றுவெளியின்மேல் நடுங்கும் கானலுக்கோ எந்த அளவிலும் மருந்தில்லை. விடியலும் மாலையுமே அதற்கு விடை.

இக்கரையில் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தினர் வலசைப் பறவைகளை வலையில் பிடித்து, எண் பொறித்த உலோக வளையத்தைக் காலில் மாட்டி விடுவித்து வந்துள்ளனர். அந்த எண்ணை அறிய, பறவை மீண்டும் எங்கேனும் பிடிபட வேண்டியிருந்தது. எழுத்துப் பொறித்த வண்ணக் கொடிகளும் கால்களில் மாட்டப்படலான பின், சேற்றில் விரைந்து இரைதேடும், சிட்டுக்குருவி அளவே உள்ள கொசு உள்ளானின் காலிலிருக்கும் இரண்டு மூன்று எழுத்துகளை, நொடியின் ஆயிரத்தில் ஒரு பங்கில் எடுத்த படத்திலிருந்தே படித்துவிட முடிகிறது. படுகையின் மேற்கே, தஞ்சையில், நிமிடக்கணக்கில் காத்திருந்து கல்லின் எழுத்தைப் படித்த கலை, கிழக்கே கடல்முனையில், ஓடும் உயிரின்மேல் உள்ள எழுத்தையும் படிக்கும் நிலையை எட்டியுள்ளது.