கல்லாறும் பெர்னினாவும்

அவிநாசியிலிருந்து அன்னூர் வழியாக மேட்டுப்பாளையம் ஏறத்தாழ 40 கிலோமீட்டர். சுவிட்சர்லாந்தின் செயின்ட் மோரிட்ஸ் போக வேண்டுமென்றால் விசா, விமானம், அதன் பிறகும் ரயில் மாறி ரயில். தூரம் இப்படி இருந்தாலும், ஐரோப்பாவில் தனியாக ரயிலில் சுற்றிப் பார்க்க ஆசைப்படும் நம் பக்கத்து இளைஞர்கள் மேட்டுப்பாளையம்–உதகை நீலகிரிப் பாதை, செயின்ட் மோரிட்ஸ்–திரானோ பெர்னினாப் பாதை என்ற இரண்டு மலை ரயில் பாதைகளையும் அருகருகே வைத்துப் பார்த்துவிட்டுத்தான் திட்டம் போட வேண்டும் என்பேன்.

இரண்டும் மீட்டர் கேஜ் பாதைகள். நீலகிரிப் பாதை 46 கி.மீ.; மேட்டுப்பாளையத்தில் 326 மீட்டர் உயரத்தில் கிளம்பி, உதகையில் 2,203 மீட்டரில் முடிகிறது. பெர்னினாப் பாதை இத்தாலியின் திரானோவில் 429 மீட்டரில் தொடங்கி, ஓஸ்பிட்சியோ பெர்னினா நிலையத்தில் 2,253 மீட்டரைத் தொட்டு, செயின்ட் மோரிட்ஸ் வரை 61 கி.மீ. போகிறது. ஏறும் உயரம் இரண்டிலும் 1,800 மீட்டருக்குச் சற்று மேல். நம் ரயில் குன்னூரை 1899இலும் உதகையை 1908இலும் எட்டியது. பெர்னினா 1908 முதல் 1910 வரை பகுதி பகுதியாகத் திறக்கப்பட்டது. யுனெஸ்கோ பட்டியலில் நீலகிரி 2005இலும் பெர்னினா 2008இலும் சேர்ந்தன.

ஒரே காலம், ஒரே அகலத் தண்டவாளம், கிட்டத்தட்ட ஒரே ஏற்றம். ஏறிய விதம்தான் வேறு. அதிலும் வியப்பு என்னவென்றால், நீலகிரி ரயிலுக்குள் இருப்பது சுவிஸ் அறிவு. சுவிட்சர்லாந்தின் ரிகி மலையில் பற்சட்ட ரயில் (தண்டவாளத்தின் நடுவிலுள்ள பற்களை எஞ்சினின் பல்சக்கரம் பிடித்து ஏறுவது) போட்ட ரிக்கன்பாக் 1882இல் அழைப்பின் பேரில் நீலகிரிக்கு வந்தார். கடைசியில் போடப்பட்டது இன்னொரு சுவிஸ் பொறியாளரான ரோமன் ஆப்ட்டின் முறை. இரண்டு பற்சட்டங்களை அருகருகே வைத்து, பற்களை ஒன்றுக்கொன்று தள்ளி அமைத்திருப்பார்கள். ஒரு பல் விடும்போது இன்னொன்று பிடித்துக்கொண்டிருக்கும். கல்லாறு முதல் குன்னூர் வரை 12 அடிக்கு ஓர் அடி ஏறும் சரிவில் ரயிலைக் காப்பது அந்தப் பிடிதான். பழைய எக்ஸ் வகை நீராவி எஞ்சின்களும் சுவிட்சர்லாந்தின் விண்டர்தூரில் செய்தவை. எஞ்சின் பின்னாலிருந்து தள்ள, ஒவ்வொரு பெட்டியிலும் ஒரு பிரேக்மேன் நிற்க, வழியில் தண்ணீர் பிடித்துக்கொண்டு ஏறுகிறது அந்த ரயில்.

பெர்னினாவில் பற்சட்டம் கிடையாது. தொடக்கத்திலிருந்தே மின்சார ரயில் என்பதால், 7 சதவீதச் சரிவையும் வெறும் சக்கரப் பிடிமானத்தில் ஏறிவிடுகிறது. 61 கி.மீ. தூரத்தைச் சுமார் இரண்டரை மணி நேரத்தில் முடிக்கிறது. நம் ரயிலுக்கு 46 கி.மீ. ஏற ஐந்து மணி நேரம் ஆகிறது. பனியாறு, லாகோ பியாங்கோ ஏரி, புருசியோவில் ரயில் வட்டமடித்துத் தன் பாலத்துக்கே அடியில் புகுந்து வரும் இடம் ஆகிய காட்சிகளுக்கு பெர்னினாவை மிஞ்ச முடியாது. ஆனால் ஒரு ரயில் மலை ஏறுவதை உடம்பால் உணர வேண்டுமென்றால் கல்லாறு–குன்னூர்தான். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

தனியாகப் போகிறவருக்கு இன்னொரு வேறுபாடு முக்கியம். “ஏங்கண்ணு, துணைக்கு ஆரும் வரலையா?” என்று நம் ஊரில் முதலில் வரும் கேள்விக்கு இரண்டு ரயில்களும் இரண்டு விதமாகப் பதில் சொல்கின்றன. நீலகிரிப் பெட்டியில் முட்டியோடு முட்டி இடிக்க எதிரும் புதிருமாக உட்கார வேண்டும். ஒருவர் தனியாக ஏறினால் குன்னூர் வருவதற்குள் யாராவது முறுக்கு நீட்டியிருப்பார்கள், ஊர், பெயர் எல்லாம் கேட்டிருப்பார்கள். பெர்னினாவில் அவரவர் ஜன்னல் அவரவருக்கு. யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள். அந்த அமைதி சிலருக்கு விடுதலை, சிலருக்குப் பாரம். நமக்கு எது என்பதை லட்சக்கணக்கில் செலவழித்த பிறகு தெரிந்துகொள்வதைவிட, சில நூறு ரூபாயில் உதகைக்குத் தனியாகப் போய்த் தெரிந்துகொள்ளலாம்.

காலக் கணக்கு அடுத்தது. பனியன் கம்பெனி வேலையில் நீண்ட விடுமுறை என்றால் தீபாவளி, பொங்கல் இரண்டுதான். தீபாவளி சமயம் வடகிழக்குப் பருவமழை. மண் சரிந்து, மரம் விழுந்து நீலகிரி ரயில் ரத்தாவது வழக்கம். தீபாவளி அக்டோபரில் வந்தால், செயின்ட் மோரிட்ஸ் இருக்கும் எங்கடின் பள்ளத்தாக்கின் லார்ச் மரங்கள் அப்போது பொன்னிறமாக நிற்கும். தீபாவளி நவம்பருக்குத் தள்ளிப்போனால் அந்த நிறம் உதிர்ந்திருக்கும், பகலும் சுருங்கியிருக்கும். பொங்கலுக்கு உதகையில் உறைபனி, வானம் தெளிவு. பெர்னினாவில் முழு வெண்பனி; ஆனாலும் பனியை ஒதுக்கிக்கொண்டு ஆண்டு முழுவதும் ரயில் ஓடுகிறது. ஆகவே தீபாவளி அக்டோபரில் வரும் ஆண்டு ஐரோப்பாவுக்கு, பொங்கல் உதகைக்கு என்று வைத்துக்கொள்வதே சரி.

டிக்கெட்டில்தான் பலர் பணத்தை விடுகிறார்கள். மேட்டுப்பாளையத்திலிருந்து மேலே போக காலை ஏழு மணியை ஒட்டி ஒரு ரயில். 60 நாள் முன்பதிவு திறந்ததும் இடம் தீர்ந்துவிடும். அந்தப் பழக்கத்தில், பெர்னினா எக்ஸ்பிரஸின் பனோரமா பெட்டிக்கும் அடித்துப் பிடித்துப் பதிவு செய்கிறோம். அதற்குப் பயணச்சீட்டுக்கு மேல் தனிப் பதிவுக் கட்டணம் உண்டு. அதன் பெரிய கண்ணாடி திறக்காது. அதே தண்டவாளத்தில், அதே மலையைப் பார்த்துக்கொண்டு, பெரும்பாலும் மணிக்கு ஒன்றாகச் சாதாரண ரயில் ஓடுகிறது. அதற்கு முன்பதிவு தேவையில்லை. யூரெய்ல் பாஸோ சுவிஸ் டிராவல் பாஸோ போதும். பிடித்த நிலையத்தில் இறங்கி நடந்துவிட்டு அடுத்த ரயிலில் ஏறலாம். தனியாகப் போவதன் பெரிய லாபமே அதுதான். யாரையும் கேட்க வேண்டியதில்லை. திரானோ நோக்கிப் போகும்போது வலப்பக்க ஜன்னலைப் பிடியுங்கள், லாகோ பியாங்கோ அந்தப் பக்கம்தான்.

விசாவைப் பொறுத்தவரை, எந்த நாட்டில் அதிக நாள் தங்குகிறோமோ அந்த நாட்டில் ஷெங்கன் விசா கேட்க வேண்டும். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பே விண்ணப்பிக்கலாம். குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு, கம்பெனி விடுப்புக் கடிதம், வங்கிக் கணக்கு விவரம் எல்லாம் கேட்பார்கள். சுவிட்சர்லாந்து, இத்தாலி இரண்டுக்கும் ஒரே விசா செல்லும்.

பத்து நாளில் ஆறு நாடு என்ற திட்டத்தை விட்டுவிடுங்கள். அதில் பெட்டி இழுப்பதும் நடைமேடை தேடுவதும்தான் மிஞ்சும். சூரிச்சில் இறங்கி, விமான நிலையத்துக்குக் கீழேயே ரயில் ஏறி, கூர் நகரில் ஓர் இரவு, செயின்ட் மோரிட்ஸ் பக்கம் சில இரவு, பெர்னினா வழியாகத் திரானோ, அங்கிருந்து இத்தாலிய ரயிலில் மிலான், மிலானிலிருந்து ஊருக்கு விமானம். முதல் தனிப்பயணத்துக்கு இந்த ஒரு கோடு போதும். அதற்கு முன் ஒரு விடியற்காலை அன்னூர் வழியாக மேட்டுப்பாளையம் போய், தனியாக ஒரு சீட்டில் உட்கார்ந்து உதகை வரை ஏறிவிட்டு வாருங்கள்.