வேன் ஓட்டி, யூனிஃபார்ம் துவைத்த கோச்

அமெரிக்க பாஸ்கெட்பால் என்றால் நமக்கெல்லாம் மைக்கேல் ஜோர்டான், அப்புறம் கோபி பிரயண்ட், அதோடு கடை மூடிவிடும். எனக்கும் ரொம்ப நாள் வரைக்கும் அப்படித்தான். பேட் சம்மிட் என்று ஒரு அம்மணி இருந்தார் என்பதே ஒரு வேலையற்ற ஞாயிற்றுக்கிழமை எதையோ தேடப்போய் எதிலோ மாட்டியபோதுதான் தெரிந்தது. அதற்கப்புறம் அவரைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்துத் தீர்த்துவிட்டேன். அதில் கொஞ்சம் இங்கே.

டென்னசி பல்கலைக்கழகத்தின் பெண்கள் அணிக்கு 1974-லிருந்து 2012 வரை கோச். 38 சீசன், ஒரே அணி, ஒரே ஊர். (இரண்டு வருஷத்துக்கு ஒரு கம்பெனி மாறும் தொழிலில் இருந்துகொண்டு இதை டைப் அடிக்கவே கூச்சமாக இருக்கிறது.) 1098 வெற்றி, 208 தோல்வி, 8 தேசிய சாம்பியன் பட்டம். இந்தக் கணக்கெல்லாம் எங்கே தேடினாலும் கிடைக்கும். என்னைப் பிடித்து உட்கார வைத்தது வேறு. அவர் வேலைக்குச் சேர்ந்தபோது அப்படி ஒரு வேலையே கிட்டத்தட்ட கிடையாது. இருந்த இடத்தில் ஏறிப்போய் உட்காரவில்லை, நாற்காலியையே அவர்தான் செய்ய வேண்டியிருந்தது.

1952-ல் டென்னசி மாநிலத்தில் ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். அப்போது பெயர் பட்ரீஷியா ஹெட். சம்மிட் என்பது 1980-ல் கல்யாணத்துக்குப் பிறகு வந்தது. புகையிலை, மாடு, வைக்கோல் என்று இடுப்பொடியும் வேலை. மூன்று அண்ணன்கள். பகல் வேலை முடிந்ததும் வைக்கோல் பரண் மேலேயே ஒரு வளையம் மாட்டி இரவில் ஆட்டம். தங்கச்சி என்று யாரும் விட்டுக்கொடுக்கவில்லை. அவர்கள் இருந்த ஊர் உயர்நிலைப் பள்ளியில் பெண்கள் அணி இல்லை என்றதும், அப்பா ரிச்சர்ட் ஹெட் குடும்பத்தையே பெண்கள் அணி இருக்கும் பக்கத்துக் கவுன்டிக்கு மாற்றிவிட்டார். மகளின் பாஸ்கெட்பாலுக்காக வீடு மாறிய அதே மனுஷன், மகளை முதல்முறையாகக் கட்டிப்பிடித்தது அவருக்கு 43 வயதான பிறகுதானாம். நம்ம ஊர் அப்பாக்களைப் பார்த்தவர்களுக்கு இதில் ஆச்சரியப்பட ஒன்றும் இல்லை.

அண்ணன்களுக்கு விளையாட்டு ஸ்காலர்ஷிப் கிடைத்தது. மார்ட்டின் என்ற ஊரில் இருக்கும் டென்னசி பல்கலைக்கழகக் கிளையில் இவர் சேர்ந்தபோது பெண்களுக்கு அந்த வழியே கிடையாது. ஃபீஸை அப்பா அம்மாதான் கட்டினார்கள்.

இங்கே ஒரு விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் அந்தக் காலம் புரியாது. டென்னசி பள்ளிகளில் அப்போது பெண்கள் ஆடியது நாம் பார்க்கும் பாஸ்கெட்பால் இல்லை. அணிக்கு ஆறு பேர். மூன்று பேர் எதிரணிக் கூடை பக்கம், மூன்று பேர் தங்கள் கூடை பக்கம். நடுக்கோட்டை யாரும் தாண்டக்கூடாது. தடுப்பாட்டத்தில் நிற்கிற பெண், பள்ளி வாழ்க்கை முழுக்க மேட்ச்சில் ஒரு பந்தைக்கூடக் கூடைக்குள் போடாமல் போய்ச் சேரலாம். பந்தைப் பறித்துக் கோடு வரை கொண்டுவந்து, கோட்டுக்கு அந்தப் பக்கம் இருப்பவளிடம் கொடுத்துவிட்டு நின்று வேடிக்கை பார்க்க வேண்டியதுதான். பெண்கள் முழு மைதானம் ஓடினால் உடம்பு தாங்காது என்று எப்போதோ யாரோ முடிவு செய்ததன் மிச்சம். பக்கத்திலேயே ஆண்கள் ஐந்து பேராகக் கோட்டுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓடிக்கொண்டிருந்தார்கள். (வயலில் நாள் முழுக்க வேலை செய்த பெண்களிடம் போய் உடம்பு தாங்காது என்று சொல்ல ஒரு தைரியம் வேண்டும்!)

1972-ல் அமெரிக்காவில் ஒரு சட்டம் வந்தது. டைட்டில் நைன் என்பார்கள். மத்திய அரசின் பணம் வாங்கும் எந்தக் கல்வித் திட்டத்திலும் ஆண் பெண் பாகுபாடு கூடாது என்று ஆங்கிலத்தில் 37 வார்த்தையில் ஒரே வாக்கியம். அதில் விளையாட்டு என்ற சொல்லே கிடையாது. ஆனால் அதை வைத்துத்தான் பெண்கள் விளையாட்டின் கதவே திறந்தது. அந்தச் சட்டம் வந்த கல்வியாண்டில் அமெரிக்கா முழுக்க உயர்நிலைப் பள்ளி விளையாட்டில் இருந்த பெண்கள் சுமார் 3 லட்சம். பிற்பாடு அது 30 லட்சத்தைத் தாண்டியது. ஆனால் சட்டம் கதவைத் திறக்கும், அவ்வளவுதான். உள்ளே போய் விளக்குப் போட ஆள் வேண்டாமா?

1974-ல் நாக்ஸ்வில் நகரில் உள்ள டென்னசி பல்கலைக்கழகத்துக்கு முதுகலை படிக்கப் போனார், கூடவே துணைப் பயிற்சியாளராக. போய்ச் சேருவதற்குள் தலைமை கோச் விடுப்பில் போய்விட, வேலை இவர் தலையில் விழுந்தது. வயது 22. அணியில் சிலர் அவரைவிட ஒரே ஒரு வயது சின்னவர்கள். அதுவரை ஒரு மேட்ச்சுக்குக்கூட கோச்சாக இருந்ததில்லை. மாதச் சம்பளம் 250 டாலர். வெளியூர் ஆட்டத்துக்கு வேன் ஓட்டுவதும் அவர்தான், வந்ததும் யூனிஃபார்ம் துவைப்பதும் அவர்தான். அந்த யூனிஃபார்மே டோனட் விற்ற காசில் வாங்கியது. ஒருமுறை தங்க இடம் இல்லாமல் எதிரணியின் ஜிம் தரையில் பாய் விரித்துத் தூங்கிவிட்டு மறுநாள் அங்கேயே ஆடியிருக்கிறார்கள். முதல் மேட்ச்சில் 84-83 என்று ஒரு பாயின்ட்டில் தோல்வி.

இதற்கு நடுவில் அவரே ஆட்டக்காரராகவும் இருந்தார். 1974-ல்தான் முழங்கால் தசைநார் கிழிந்திருந்தது. வகுப்பு எடுத்து, வகுப்பு கேட்டு, கோச் வேலை பார்த்து, மிச்ச நேரத்தில் அந்தக் காலைத் தேற்றி, 1976 மான்ட்ரியல் ஒலிம்பிக்கில் அமெரிக்க அணியின் இணை கேப்டனாகப் போய் நின்றார். ஒலிம்பிக்கில் பெண்கள் பாஸ்கெட்பால் சேர்க்கப்பட்டதே அந்த வருஷம்தான். சோவியத் அணியில் ஏழடி உயர உலியானா செம்யோனோவா இருந்தார், அதற்கு மேல் சொல்ல ஒன்றும் இல்லை. அமெரிக்காவுக்கு வெள்ளி. எட்டு வருஷம் கழித்து லாஸ் ஏஞ்சலஸில் இதே சம்மிட் கோச்சாகத் தங்கம் வாங்கிக் கொடுத்தார்.

மாநிலத்தின் அரைக்கோட்டு ஆட்டத்தை அவர் சும்மா விடவில்லை. ஐந்து பேர் ஆட்டத்துக்கு மாறாவிட்டால் டென்னசிப் பெண்களையே அணிக்கு எடுக்கப் போவதில்லை என்று வெளிப்படையாகவே சொன்னார். பாதி மைதானம் மட்டும் தெரிந்த பெண்ணை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது என்பது அவர் வாதம். சொந்த மாநிலத்தில், இருபத்துச் சொச்சம் வயதில், இந்தப் பேச்சு. 1979-ல் பள்ளிகளுக்கான விதி மாறியது.

ஆனால் கோப்பை மட்டும் வரவில்லை. கடைசி நாலு அணிகள் மோதும் கட்டத்தை அங்கே ஃபைனல் ஃபோர் என்பார்கள். அங்கே திரும்பத் திரும்பப் போனார். 1980, 1981, 1984 என்று மூன்று முறை இறுதிப் போட்டியிலேயே தோல்வி. ஜெயிக்கத் தெரியாத கோச் என்ற பேச்சுக்கூட வந்துவிட்டது. 1987-ல்தான் லூசியானா டெக் அணியை 67-44 என்று நசுக்கி முதல் பட்டம். பதின்மூன்றாவது சீசன்! அதே வருஷம் டிசம்பரில் டெக்சாஸ் அணியோடு நாக்ஸ்வில்லில் நடந்த மேட்ச்சைப் பார்க்க வந்தவர்கள் 24,563 பேர். டோனட் விற்ற காசில் யூனிஃபார்ம் வாங்கிய அணிக்கு.

கண்டிப்புக்கும் பேர் போனவர். நீலக் கண்ணால் ஒரு முறை முறைத்தால் போதும், ஆட்டக்காரிகள் தரையைப் பார்ப்பார்கள். வகுப்பில் முதல் மூன்று வரிசையில்தான் உட்கார வேண்டும். கட் அடித்தால் அடுத்த மேட்ச் கிடையாது, எவ்வளவு பெரிய ஸ்டாராக இருந்தாலும். எனக்கு 1098-ஐ விடப் பெரிதாகத் தெரிவது இந்த விஷயம்தான்: அவரிடம் முழுக் காலமும் ஆடி முடித்த பெண்கள் அத்தனை பேரும் டிகிரி வாங்கினார்கள். நூற்றுக்கு நூறு. பெண்களுக்கு அன்றைக்கு இந்த ஆட்டத்தை நம்பிப் பிழைக்க வழியில்லை. அமெரிக்கப் பெண்கள் தொழில்முறை லீக் டபிள்யூஎன்பிஏ ஆட்டம் தொடங்கியதே 1997-ல்தான். அதனால் இந்தக் கண்டிப்பு வெறும் அதட்டல் இல்லை, கணக்குத் தெரிந்தவரின் கண்டிப்பு. (கத்துவதை மட்டும் கற்றுக்கொண்ட மேனேஜர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். மீதியை யாரும் கற்றுக்கொள்வதில்லை.)

ஆள் பிடிப்பதில் அவர் காட்டிய வெறிக்கு ஒரு கதை போதும். 1990 செப்டம்பர், நிறைமாத கர்ப்பிணி. பென்சில்வேனியாவில் மிஷெல் மார்சினியாக் என்ற பள்ளி மாணவியை அணிக்கு அழைக்க விமானத்தில் போயிருக்கிறார். அந்தப் பெண் வீட்டிலேயே பிரசவ வலி தொடங்கிவிட்டது. பேச வந்ததைப் பேசிவிட்டுத்தான் கிளம்பினார். திரும்பும் வழியில் வலி அதிகமாக, வர்ஜீனியாவில் இறக்கிவிடவா என்று கேட்டதற்கு முடியவே முடியாது என்றுவிட்டார். பிள்ளை டென்னசியில் பிறக்க வேண்டும் என்பது ஒன்று. அந்த மார்ச்சில்தான் வர்ஜீனியா அணி இவர்களைத் தோற்கடித்திருந்தது என்பது இன்னொன்று. மகன் டைலர் நாக்ஸ்வில்லில்தான் பிறந்தான். இவ்வளவுக்கும் மார்சினியாக் முதலில் வேறு பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். ஒரு வருஷம் கழித்து டென்னசிக்கு மாறி, 1996 ஃபைனல் ஃபோரின் சிறந்த ஆட்டக்காரி ஆனார்.

1996, 97, 98 மூன்றும் அடுத்தடுத்த பட்டங்கள். இதில் நான் ரசித்தது 97. சீசனில் 10 தோல்வி, கதை முடிந்தது என்று எல்லோரும் கைகழுவியபோது, அதுவரை தோற்காத கனெக்டிகட்டை 91-81 என்று வீழ்த்தி, பட்டத்தையும் தட்டி வந்தார்கள். அடுத்த வருஷம் 39 மேட்ச், 39 வெற்றி. சமீக்கா ஹோல்ட்ஸ்க்ளா, டமிக்கா கேட்சிங்ஸ், செமிக்கா ராண்டல் என்று பெயரிலேயே எதுகை போட்ட மூன்று பேர்!

இரண்டு முறை ஆண்கள் அணியின் கோச் வேலைக்கு அவர் பெயர் அடிபட்டது. அதை ஏன் எல்லோரும் ஒரு படி மேலே என்று நினைக்கிறீர்கள் என்று திருப்பிக் கேட்டார். 2006-ல் பெண்கள் பாஸ்கெட்பாலில் பத்து லட்சம் டாலர் சம்பளத்தைத் தொட்ட முதல் கோச்.

குறையும் சொல்லிவிடுகிறேன். கனெக்டிகட் கோச் ஜீனோ ஆரியெம்மாவோடு இருந்த பகை ஊரறிந்தது. 1995 முதல் 2007 வரை இரண்டு அணிகளும் 22 முறை மோதின, கனெக்டிகட் 13, டென்னசி 9. பெண்கள் பாஸ்கெட்பாலை டிவி முன்னால் ஜனங்கள் உட்கார்ந்து பார்த்ததே இந்த மோதல்களுக்காகத்தான். 2007-ல் சம்மிட் அந்தத் தொடரையே நிறுத்திவிட்டார். அவருக்கு அவர் காரணம். ஆனால் ஆட்டத்தை வளர்த்தவரே அதன் மிகப் பெரிய மேட்ச்சை எடுத்துவிட்டார் என்பதுதான் என் கட்சி. 2007, 2008 இரண்டு வருஷமும் பட்டம் அவருக்கே வந்தது என்பது வேறு கதை.

2011 ஆகஸ்டில், 59 வயதில், தனக்கு அல்சைமர் ஆரம்பித்திருக்கிறது என்று அறிவித்தார். ஆட்டத்தின் நடுவே எந்த உத்தியைச் சொல்ல வேண்டும் என்பதே தடுமாற ஆரம்பித்திருந்தது. உடனே விலகியிருக்கலாம். இன்னும் ஒரு சீசன் என்றார். அந்த வருஷம் வேலையில் பெரும்பகுதியைத் துணைப் பயிற்சியாளர் ஹோலி வார்லிக் பார்த்துக்கொண்டார், அவரும் இவரிடம் ஆடிய பெண்தான். 27 வெற்றி, 9 தோல்வி. 2012 மார்ச் 26 அன்று பேலர் அணியிடம் 77-58. ஃபைனல் ஃபோருக்கு ஒரு படி முன்னால் நின்றது. அவரிடம் நாலு வருஷமும் ஆடி ஒருமுறைகூட ஃபைனல் ஃபோர் பார்க்காத முதல் செட் அந்த வருஷத்துப் பெண்கள்தான். ஏப்ரலில் விசிலை வார்லிக்கிடம் கொடுத்துவிட்டு விலகினார். அவர் பெயரில் தொடங்கிய அல்சைமர் அறக்கட்டளைக்கு ஆரியெம்மா 10,000 டாலர் அனுப்பினார்.

2016 ஜூன் 28 அன்று, 64 வயதில் காலமானார். டென்னசி - கனெக்டிகட் ஆட்டம் 2020 ஜனவரியில் மறுபடி தொடங்கியது. அதே வருஷம் டிசம்பரில் ஸ்டான்ஃபோர்ட் கோச் டாரா வான்டர்வீர் 1098-ஐத் தாண்டினார். 2008-ல் சம்மிட் தன் கடைசிப் பட்டத்தை வென்றது அவருடைய அணியை வீழ்த்தித்தான்.