திருவள்ளூர் மக்களவைத் தொகுதி

பட்டியல் சாதியினருக்கான தனித்தொகுதி. 2008 மறுசீரமைப்பில் உருவான இன்றைய தொகுதியில் கும்மிடிப்பூண்டி, பொன்னேரி, திருவள்ளூர், பூந்தமல்லி, ஆவடி, மாதவரம் ஆகிய சட்டமன்றத் தொகுதிகள் அடங்கும். 2009இல் அதிமுகவின் பொ. வேணுகோபால் சுமார் 31,000 வாக்கு வித்தியாசத்தில்தான் கரையேறினார். 2014இல் அவருடைய வித்தியாசம் மூன்று லட்சத்தைத் தாண்டியது. 2019இல் காங்கிரசின் கே. ஜெயக்குமாரிடம் அதே அளவில் தோற்றார். 2024இல் காங்கிரசின் சசிகாந்த் செந்தில் 5.72 லட்சம் வாக்கு வித்தியாசத்தில் வென்றார். இழுபறித் தொகுதி என்பதைவிட, கூட்டணிக் காற்றடிக்கும் பக்கம் மொத்தமாகச் சாயும் தொகுதி என்பதே பொருந்தும். கும்மிடிப்பூண்டி சட்டமன்றத் தொகுதியே சாட்சி: 2011இல் தேமுதிக, 2016இல் அதிமுக, 2021இல் திமுக.