கதிரடிக்கும் இயந்திரமும் கூலியாளின் குளிர்காலமும்

தொழிற்புரட்சி என்றவுடன் நீராவி இயந்திரமும் நெசவாலையுமே நம் நினைவுக்கு வருகின்றன. ஆனால், ஆலையில் உழைத்தவனுக்கு உணவளித்தது வயலே அன்றோ? இங்கிலாந்து, வேல்ஸ் ஆகியவற்றின் மக்கள் தொகை 1801இல் ஏறத்தாழ 90 இலட்சம். 1851இல் ஏறத்தாழ 1 கோடியே 80 இலட்சம். இருமடங்காகப் பெருகிய இம்மக்களுக்கு வேண்டிய தானியத்தின் பெரும்பகுதி உள்நாட்டிலேயே விளைந்தது. அஃது எவ்வாறு இயன்றது? அதற்கு விலை கொடுத்தவர் யாவர்?

பழைய முறையில் நிலத்தின் ஒரு பகுதி ஆண்டுதோறும் தரிசாகக் கிடந்தது. நார்போக் வட்டாரத்தில் வேரூன்றிய புதுமுறையில் கோதுமை, டர்னிப் கிழங்கு, பார்லி, குளோவர் என்னும் தீவனச் செடி ஆகிய நான்கும் மாறி மாறிப் பயிரிடப்பட்டன. கிழங்கும் தீவனமும் குளிர்காலத்தில் கால்நடைகளைக் காத்தன. அவற்றின் எரு வயலுக்கு உரமாயிற்று. குளோவரோ, பயறுவகைச் செடிகளைப்போல், தன் வேரினாலேயே மண்ணுக்கு வளமூட்டியது. தரிசு மறைந்தது, விளைச்சல் பெருகிற்று.

இவ்வளர்ச்சியுடன் வேலியும் வந்தது. 1750க்கும் 1850க்கும் இடையில் பாராளுமன்றம் ஏறத்தாழ 4,000 வேலியடைப்புச் சட்டங்களை இயற்றியது. சிதறிக் கிடந்த வயல்கள் பெரும் பண்ணைகளாயின. ஊர்ப் பொதுநிலம் தனியார் உடைமையாயிற்று. அங்கே ஒரு பசுவை மேய்த்தும் சுள்ளி பொறுக்கியும் வாழ்ந்த ஏழை, கூலி ஒன்றையே நம்பி நிற்க நேர்ந்தது.

அக்கூலிக்கும் ஆபத்து வந்தது. குளிர்காலத்தில் கோல்கொண்டு கதிரடிப்பதே பண்ணையாட்களுக்குப் பல வாரங்கள் வேலை தந்தது. 1786ஆம் ஆண்டளவில் ஸ்காட்லாந்தின் ஆண்ட்ரூ மெய்க்கில் அமைத்த கதிரடிக்கும் இயந்திரம் பரவியபோது அவ்வேலை பறிபோயிற்று.

1830 ஆகஸ்டில் கெண்ட் வட்டாரத்தில் கூலியாட்கள் இயந்திரங்களை உடைக்கத் தொடங்கினர். "காப்டன் ஸ்விங்" என்ற கற்பனைப் பெயரில் பண்ணையார்களுக்கு மிரட்டல் கடிதங்கள் சென்றன, வைக்கோற்போர்கள் எரிந்தன. கலகம் தென்னிங்கிலாந்து முழுவதும் பரவிற்று. கலகக்காரர் எவரையும் கொல்லவில்லை. எனினும், 19 பேர் தூக்கிலிடப்பட்டனர். ஏறத்தாழ 500 பேர் கடல் கடந்து ஆஸ்திரேலியாவுக்கு நாடு கடத்தப்பட்டனர்.

இவர்களை அறிவிலிகள் என்று ஒதுக்கிவிடுதல் எளிது. ஆனால், அவர்கள் கேட்டது வாழ்வதற்குப் போதிய கூலியும் குளிர்காலத்தில் வேலையுமே. கலகத்தின் பின் சில இடங்களில் கூலி சற்று உயர்ந்தது. பண்ணையார் சிலர் இயந்திரத்தைக் கைவிடவும் செய்தனர். அப்பயன் நீடிக்கவில்லை. நூற்றாண்டின் பிற்பகுதியில் நீராவியால் இயங்கும் கதிரடிப்பு இயந்திரம் எங்கும் பரவிற்று. 1851ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்போது மக்களில் பாதிக்கு மேற்பட்டோர் நகரவாசிகளாய் இருந்தனர்.

இயந்திரம் தானியத்தைக் குறைக்கவில்லை. உழைத்தவனின் பங்கையே குறைத்தது. விளைச்சல் எத்தனை மடங்கு பெருகிற்று என்று கணக்கிடும் வரலாறு, அது யார் களஞ்சியத்தைச் சேர்ந்தது என்றும் கேட்டல் வேண்டும்.