இழந்த நொதியமும் கடலோடிகளின் உடலும்

முலையூட்டிகளுட் பெரும்பாலானவை தமக்கு வேண்டிய விற்றமின் சியை, அஃதாவது அசுக்கோபிக்கமிலத்தை, ஈரலில் தாமே ஆக்கிக்கொள்கின்றன. குளுக்கோசிலிருந்து குளுக்குரோனிக்கமிலம், குலோனிக்கமிலம் ஆகியவற்றினூடாகச் செல்லும் அவ்வாக்கத்தின் இறுதிப்படியை நிகழ்த்துவது குலோனோலக்ரோன் ஒட்சிடேசு என்னும் ஒட்சியேற்ற நொதியமாகும். மனிதரிடத்தும் குரங்குகளிடத்தும் கினிப்பன்றியிடத்தும் இது தொழிற்படுவதில்லை. மனிதரில் அதற்குரிய பரம்பரையலகு சிதைந்த எச்சமாகவே உள்ளதென்பது 1990களில் தெளிவாயிற்று.

இவ்விழப்பு மனிதர் அனைவர்க்கும் பொதுவானது. கடற்படைத் தளபதிக்கும் பாய்மரமேறும் மாலுமிக்கும் இதில் வேறுபாடில்லை. ஆயின் இவ்விழப்பின் விளைவான ஸ்கேவி நோய் அவ்வாறு சமமாகப் பங்கிடப்படவில்லை. அந்நோயின் வரலாற்றை உயிரியலால் மட்டும் விளக்க முனைவோருடன் நாம் உடன்படுவதற்கில்லை.

1740இல் அன்சன் தலைமையிற் புறப்பட்ட பிரித்தானியக் கப்பலணியை நோக்குவோம். செல்சீ மருத்துவமனையைச் சார்ந்த முதிய, நோயுற்ற ஓய்வூதியப் படையாட்களைக் கப்பலேற்றியே அதன் ஆட்தொகை நிரப்பப்பட்டது. ஏறத்தாழ 1,900 பேருள் 1,300க்கும் அதிகமானோர் நோயால் மடிந்தனர். அவற்றுள் ஸ்கேவியே தலையாயது. பகைவரின் குண்டுக்கு இரையானோரை விரல்விட்டு எண்ணலாம்.

1747இல் சாலிசுபரி என்னும் போர்க்கப்பலில் ஜேம்சு லிண்ட் நோயாளர் பன்னிருவரை இருவர் இருவராகப் பிரித்துச் சோதித்தார். நாளொன்றுக்கு இரண்டு தோடம்பழமும் ஒரு லெமனும் பெற்ற இருவரே விரைந்து தேறினர். அவரது நூல் 1753இல் வெளிவந்தது. கடற்படையினர்க்கு லெமன் சாறு வழங்கும் முடிவோ 1795இலேயே எடுக்கப்பட்டது. இத்தாமதத்துக்கு அறிவியற் குழப்பமும் ஒரு காரணமே: லிண்ட் பரிந்துரைத்த, சூடாக்கி வற்றவைத்த சாறு தன் ஆற்றலைப் பெரிதும் இழந்துவிட்டது. எனினும், 1601இலேயே கிழக்கிந்தியக் கம்பனிக்காகச் சென்ற லங்காசுற்றர் தம் கப்பலில் லெமன் சாறு கொடுத்திருந்தாரே! வலிந்து பிடித்துக் கப்பலேற்றப்பட்ட மாலுமி இறந்தால், துறைமுகத் தெருவில் வேறொருவனைப் பிடிக்கலாம். பழத்துக்குப் பணம் செலவிடவேண்டும். 1793இல் பிரான்சுடன் தொடங்கிய போர் பழகிய மாலுமிகளை அருமையாக்கியபின்னரே அக்கணக்கு மாறிற்று. இதனைத் தற்செயலென நாம் கொள்ளவில்லை.

பின்னர் நடந்தது இன்னும் துலக்கமானது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியின் பின், மத்தியதரைக் கடற்பகுதி லெமனின் இடத்தை மேற்கிந்தியக் குடியேற்றங்களிலே பயிரிடப்பட்ட தேசிக்காய் பிடித்தது. இரண்டின் சாறும் ஒரே பெயரால் வழங்கியமையால் வேறுபாடு மறைந்தது. 1875இல் நேர்சின் வடதுருவப் பயணத்தில் நோய் மீண்டும் தலைதூக்கியது. தேசிக்காய்ச் சாற்றின் ஆற்றல் லெமன் சாற்றினதில் ஏறத்தாழக் காற்பங்கே என ஹரியற் சிக்கின் குழுவினர் 1918இற் காட்டினர்.

1933இல் றைக்சுரைன் இவ்விற்றமினைச் செயற்கையாக ஆக்கும் வழியைக் கண்டார். அதன் உரிமையை வாங்கிய றோச் கம்பனி மறு ஆண்டிலேயே அதனைச் சந்தைக்குக் கொணர்ந்தது. அம்முறையிற் சோபிற்றோலைச் சோபோசாக மாற்றும் படியை மட்டும் பற்றீரியமொன்றின் ஒட்சியேற்ற நொதியத்திடம் விடவேண்டியிருந்தது.