விக்கா நெறியின் தோற்றம்: ஜெரால்டு கார்ட்னரும் அவர்தம் மறைநூலும்

இருபதாம் நூற்றாண்டின் இடைப்பகுதியில் இங்கிலாந்திலே வெளிப்பட்டு, இன்று மேலை நாடுகள் பலவற்றிற் பரவியிருக்கும் விக்கா என்னும் நெறி, தன்னை ஒரு தொல்சமயம் என்றே உலகிற்கு அறிவித்துக்கொண்டது. கிறித்தவம் பரவுமுன் ஐரோப்பாவில் வழங்கிய தாய்த்தெய்வ வழிபாடும் கொம்புடைக் கடவுள் வழிபாடும் முற்றும் அழியாது, மறைவிலே காக்கப்பெற்றுத் தம் காலம் வரை வந்தன என்பது அதனை வெளிப்படுத்திய ஜெரால்டு கார்ட்னரின் கூற்று. இக்கூற்று எத்துணை உண்மை? ஒரு நூலின் காலத்தைத் துணிதற்கு நாம் கைக்கொள்ளும் சொல்லாட்சி, எடுத்தாட்சி, இடைச்செருகல், புறச்சான்று முதலியன யாவும் ஈண்டும் பயன்படுதலின், இவ்வாராய்ச்சி தமிழ் மாணவர்க்கும் உரியதேயாம்.

கார்ட்னர் 1884-இல் லிவர்ப்பூல் நகரை அடுத்த பிளண்டல்சாண்ட்சு என்னுமிடத்தில் மரவாணிகச் செல்வக் குடியொன்றிற் பிறந்தார். இளமை முதல் ஈளைநோயால் வருந்தியமையின் முறையான பள்ளிக் கல்வி பெற்றாரல்லர். அவரை வளர்த்த செவிலி இலங்கைத் தேயிலைத் தோட்டத் துரை ஒருவரை மணந்தபோது, பதினாறு வயதினராகிய கார்ட்னரும் அவர்களோடு 1900-இல் மஸ்கெலியாப் பகுதிக்குச் சென்றார். தமிழ்த் தொழிலாளர் உழைப்பால் உருவான மலைத்தோட்டங்கள் அவை. எனினும், அவர்தம் பிற்கால நெறியில் தமிழர் வழிபாட்டின் சுவடு உண்டென நிறுவுதற்குச் சான்று இல்லை. விரும்பினால் காணலாம், விருப்பம் சான்றாகாது. ஐயத்திற்கு இடமின்றிக் காட்டத்தக்க இலங்கைத் தொடர்பு வேறொன்று. கொழும்பிலே அவர் பிரீமேசன் கழகத்திற் சேர்ந்தார். அக்கழகத்தின் மூன்று படிநிலைத் தீக்கை முறையும், கண்கட்டி அழைத்துச் சென்று சூளுறவு பெறும் சடங்கும் பின்னர் விக்காவிலும் காணப்படுகின்றன. தொல்சமயம் எனப்பட்டதன் அமைப்பு, பதினெட்டாம் நூற்றாண்டில் உருப்பெற்ற கழகமொன்றின் அமைப்பாக இருத்தல் நோக்கத்தக்கது.

பின்னர்ப் போர்னியோவிலும் மலாயாவிலும் ரப்பர்த் தோட்டத்திலும், ஜொகூர்ச் சுங்கத்துறையிலும் பணியாற்றினார். மலாய் மக்களின் கிரிசு என்னும் குத்துவாள் பற்றி 1936-இல் அவர் வெளியிட்ட நூல் அத்துறையில் மதிக்கப்பெறுவது. விக்காச் சடங்கில் கத்திக்குரிய தலைமையிடத்தை இவ்வீடுபாட்டோடு இணைத்துக் காண்பாரும் உளர்.

ஓய்வு பெற்றுத் தாயகம் மீண்ட கார்ட்னர், 1939 செப்டம்பரில் நியூ பாரஸ்ட் காட்டுப்பகுதியைச் சார்ந்த மறைக்குழு ஒன்று தமக்குத் தீக்கை அளித்ததாகப் பின்னாளிற் கூறினார். அக்குழு தொல்சமயத்தின் எச்சம் என்று அவர் கொண்டதற்கு மார்கரெட் மரே 1921-இல் வெளியிட்ட நூல் பெருந்துணை ஆயிற்று. கல்கத்தாவிற் பிறந்த மரே, எகிப்தியல் துறையிற் பெரும் புலமையாளர். சூனியக்காரர் எனத் தண்டிக்கப்பெற்றோர் உண்மையில் ஒரு பழஞ்சமயத்தார் என்பது அவர் கொள்கை. விசாரணை வாக்குமூலங்களில் இயற்கைக்கு மாறான பகுதிகளை விட்டுவிட்டு, எஞ்சியவற்றை மட்டும் அவர் எடுத்துக்காட்டியமையை நார்மன் கோன் 1975-இல் வெளிப்படுத்தினார். பாடலில் தமக்கு உதவும் அடிகளை மட்டும் எடுத்தாளும் உரைகாரரை நாம் அறிவோம் அன்றோ!

1947-இல் கார்ட்னர், அலிஸ்டர் குரோலி என்னும் மந்திரவாதியைக் கண்டார். குரோலி அவ்வாண்டு இறுதியில் மறைந்தார். 1735-ஆம் ஆண்டின் சூனியச் சட்டம் 1951-இல் நீக்கப்பெற்றபின், 1954-இல் கார்ட்னரின் முதன்மை நூல் மரேயின் முகவுரையோடு வெளிவந்தது. அந்நூலில் ‘விக்கா’ என்னும் சொல்லை நெறிக்கன்றி நெறியினர்க்கே அவர் வழங்கினார். பழைய ஆங்கிலத்தில் அது மந்திரம் வல்ல ஆடவனைக் குறித்த சொல். ‘விச்சா’ என ஒலிக்கப்பெற்றது. அறிவுடையோர் என்று அவர் கண்ட பொருளை மொழிநூலார் பலர் ஏற்பதில்லை. நம் இலக்கியத்தில் மந்திரக்கல்வி குறித்து வரும் ‘விச்சை’ என்னும் சொல்லோடு இதனை ஒப்பிட நம்முள் யாரேனும் முற்படக் கூடும். நம் சொல் வித்தை என்பதன் திரிபு. ஒலியொப்புமை ஒன்றே உறவிற்குச் சான்றாகாது.

இனி மறைநூல். ‘நிழல்களின் நூல்’ எனப் பெயரிய சடங்கேட்டைத் தீக்கை பெற்றோர் ஒவ்வொருவரும் தம் கையாற் படியெடுத்தல் மரபு. 1953-இல் தீக்கை பெற்ற டோரீன் வாலியெண்டே என்னும் அம்மையார், நெடுங்காலமாக வழிவழி வந்தன எனப்பட்ட பகுதிகளிற் குரோலியின் அடிகள் இருத்தலைக் கண்டு வினவினார். தமக்குக் கிடைத்த சடங்குகள் சிதைந்திருந்தன. இடைவெளிகளை நிரப்ப வேண்டியிருந்தது என்றார் கார்ட்னர். அம்மையார் கவிஞர், குரோலியின் சாயலைக் களைந்து பல பகுதிகளைத் தாமே புதுக்கினார். இறைவி தன் அடியார்க்குக் கூறுவதாக அமைந்து இன்று பெரிதும் போற்றப்பெறும் பகுதியின் உரைநடை வடிவம் அவர் யாத்ததே. அதற்கும் மூலமாக 1899-இல் லேலண்டு வெளியிட்ட ‘அராடியா’ என்னும் நூலின் தொடர்கள் உள்ளன. மூலமும் புதுக்கியோரும் இத்துணைத் தெளிவாகத் தெரியவரும் சமயநூல் அரிது.

1957-இல் கார்ட்னர் விளம்பரம் நாடியதைக் குழுவினர் கண்டித்து, ஒழுகலாறு சிலவற்றை வரைந்தனர். அவற்றிற்குத் தேவையில்லை, பழைய விதிகள் முன்னரே உள்ளன என்று கூறி, அதுகாறும் யாரும் காணாத விதித்தொகுதி ஒன்றை அவர் நீட்டினார். வேண்டிய நாளில் வேண்டியவாறே கிடைத்த ஏடு! முதுமையடைந்த தலைவி இளையவட்கு இடம்விட வேண்டும் என்பது அதில் ஒரு விதி. எரியூட்டிக் கொல்லப்படும் அச்சமும் அதிற் பேசப்படுகிறது. இங்கிலாந்திலோ, சூனியக் குற்றத்திற்கு உரிய தண்டம் தூக்கே. அம்மையார் ஐயுற்றுப் பிரிந்தார்.

பிரிந்தும் அவர் நெறியைக் கைவிடவில்லை. கார்ட்னரைப் பொய்யர் என்று ஒதுக்கவும் இல்லை. கார்ட்னர் 1964-இல் கடற்பயணத்தில் இறந்து துனிசு நகரில் அடக்கம் செய்யப்பெற்றார். அவர் ‘முதிய டோரதி’ எனக் குறித்த தலைவி கற்பனையோ என அறிஞர் ஐயுற்றபோது, வாலியெண்டே பதிவேடுகளை ஆராய்ந்தார். டோரதி கிளட்டர்பக் என்பார் 1880-இல் வங்காளத்திற் பிறந்து 1951-இல் இங்கிலாந்தில் மறைந்தவர் என அவர் கண்ட முடிவு 1984-இல் வெளிவந்தது. ஆள் உண்மை, தீக்கை? அவ்வம்மையார் 1942, 1943-ஆம் ஆண்டுகளில் எழுதிய நாட்குறிப்புகளை ஆராய்ந்த ரொனால்டு ஹட்டன், அவற்றில் மறைநெறியின் குறிப்பு ஏதும் காணாது, மரபுவழிக் கிறித்தவப் பெண்மணி ஒருவரையே கண்டதாக 1999-இல் எழுதினார். அந்நாட்குறிப்பின் இயற்கைப் பாடல்களில் உட்பொருள் உண்டெனப் பிலிப் ஹெசல்டன் வாதிடுகின்றார். உட்பொருள் கொள்ளப் பாடல் இடந்தரும். தீக்கை நிகழ்ந்தமைக்குச் சான்று அதனாற் கிடைத்துவிடாது.